மஞ்சள் களிமண்

வாக்குமூலத்தை எழுதியே கொண்டுவந்துவிட்டார் கிரிட்லி.
நான் பெயர் போட வேண்டியதுதான் பாக்கி.
மேசையில் ரொட்டி மாவு சிந்திக் கிடந்தது, துடைத்தேன்.
அவர் மைக்கூட்டைத் திறந்தார்.

"ஹாலக் வீட்டார் சோம்பேறிகள்,
குடிகாரர்கள், புதையல் பித்தர்கள்.
அந்த வீட்டிலிருந்து வந்த வேதம்
வேறு எப்படி இருக்கும்?"
கீழே பதினொரு பெயர்கள்.
எட்டுப் பெயர்களை
ஒரே கை எழுதியிருந்தது.

சோம்பேறிகள் என்றா போட்டிருக்கிறீர்கள்?
அறுபது ஏக்கர் ஹெம்லாக் காட்டைக்
கோடரியால் படுக்கப் போட்டவர்களையா?
மார்ச் பிறந்தால் மேப்பிள் மரங்களில் துளையிட்டு
விடிய விடியப் பாகு காய்ச்சுவார்கள்.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
கொடியில் காயும் எங்கள் போர்வைகள் இனிக்கும்.
அந்த அண்டா மட்டும் எங்களுடையது.
இரவல் போய் வந்தது,
அடியில் ஒரு விரிசலோடு.
அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அவர்களை நம்பியவள் இல்லை, ஐயா.
எலிஃபலெட் ஹாலக்
காலைக் கஞ்சியோடு கனவும் பரிமாறுவார்.
இன்று காய்த்துத் தொங்கும் ஒரு தோட்டம்,
நாளை உள்ளே தாழிட்ட ஒரு தேவாலயம்.
கரண்டியைப் பாதியில் நிறுத்திக் கேட்கும் பிள்ளைகள்.
வெர்மான்டில் கம்பளி வாங்கி விற்று நொடித்தவர்,
மூன்று ஊர்களில் கடனை விட்டு வந்தவர்,
எந்தச் சபை வாசலையும் மிதிக்காதவர்.
கடவுளோடு மட்டும்
கணக்கை முடிக்காமல் வைத்திருந்தார்.
அவர் மனைவி மெஹிட்டபெல்லிடம்
செத்துப்போன தங்கை
அடுப்புப் பக்கமாக வந்து பேசிவிட்டுப் போவாள்.
'அந்த வீட்டில் வளர்ந்த பையனுக்கு
வானம் திறக்காமல் வேறென்ன திறக்கும்?'
என் கணவர் ஆஷ்பெல்
சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரித்தவர்தான்.

ஓர் அக்டோபர் காலை,
கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த மண்வெட்டியில்
மஞ்சள் களிமண்.
எங்கள் நிலமோ கறுப்பு.
மஞ்சள் இருப்பது கிழக்குக் குன்றின் முதுகில்,
பையன் தொப்பிக்குள் கல்லைப் போட்டு
முகம் புதைத்துப் பார்த்துச் சொன்ன இடத்தில்.
இவருடைய பூட்ஸிலும் அதே மஞ்சள்.
யாரும் பேசக்கூடாதாம் தோண்டும்போது.
இடுப்பளவு இறங்கியதும் ஏதோ 'டங்' என்றதாம்.
எவனோ தும்மினானாம்.
பெட்டி நழுவி இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டதாம்.
அதற்குப் பிறகு ஆறு இரவுகள் தோண்டினார்கள்.
விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தது யார்
என்று கேளுங்களேன்.

நான்தான்.
எண்ணெய் ஊற்றும்போதே கணக்கும் போட்டேன்:
ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி,
வங்கியில் வாய்தா கடந்த நாற்பது டாலர்,
பிறகு ஆப்பிள் மரத்தடியில் கிடக்கும் சின்னவனுக்கு
மரக்குச்சி அல்லாத ஒரு கல்,
பெயர் செதுக்கியது.

கால்வாய் வழியாக அவர்கள் கிளம்பிய அன்று
கரையில் நின்று
ஏசியவர்களை எண்ணினேன்.
அதில் ஐந்து பேர் குன்றில் குழி வெட்டியவர்கள்.
இதோ, உங்கள் தாளில் மூன்றாவது பெயர்
ஆஷ்பெல் தட்ஹில்.
அவர் கையெழுத்தேதான், எனக்குத் தெரியும்,
'டி'க்குக் குறுக்குக் கோடு போட மறப்பார்.

அந்தப் பையனிடம் வானம் பேசியதா?
பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
அவன் பொய் சொன்னானா, தன்னையே ஏய்த்தானா,
அதுவும் எனக்குத் தெரியாது.
அப்பனுக்குக் கடன் இருந்தது என்பதால்
மகன் புரட்டன் என்றால்
இந்த ஊரில்
யாருடைய மகன் மிஞ்சுவான், கிரிட்லி?

மஞ்சள் மண்ணையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன்.
'அது வழக்குக்குத் தேவையில்லை, அம்மா.'

பேனாவை வாங்கினேன்.
தாளின் அடியில், என் கையாலேயே,
'அண்டாவின் விரிசல் உண்மை' என்று எழுதி
செர்வையா தட்ஹில் என்று போட்டுக் கொடுத்தேன்.
மை காயும்வரைகூட
அவர் உட்காரவில்லை.