ஏழாம் நம்பர் மலையில் புல்

தேயிலையைப் பிடுங்கிவிட்டு
ஏழாம் நம்பர் மலையில் புல் நட்டார்கள்.
"ரெண்டு வருசம் மண்ணு படுத்துக் கிடக்கட்டும்"
என்றார் கண்டக்டர்.
படுத்துக் கிடப்பதற்கு எங்கள் தோட்டத்தில்
பேர் போடுவதில்லை.

ரெண்டு நாலாயிற்று.
தேயிலைக் கன்று வாங்கக் கம்பெனியிடம் காசில்லையாம்.
புல் மட்டும் யாரையும் கேட்காமல்
வேலை செய்துகொண்டிருந்தது.

நானும் பரமாயியும் மாட்டுக்கு அறுக்கப் போவோம்.
"கணுக்கால் ஒசரம் விட்டு அறு.
ஒட்ட அறுத்தா அடுத்த மாசம் பட்டினிதான்" என்பாள்
மாட்டின் சார்பில்.

தலவாக்கலையிலிருந்து தில்ருக்‌ஷி வந்தாள்.
இரும்புக் குழாயை முறுக்கி இறக்கி
ஒரு முழம் மண்ணை முழுசாக உருவினாள்.
எட்டாம் நம்பரிலும் ஒன்று.
இரண்டையும் சாக்கில் கிடத்தினாள்.

எட்டு, செங்கல் பொடி.
சுரண்டிச் சுரண்டி நாங்கள் ஆற்றுக்கு அனுப்பியது போக மிச்சம்.
ஏழில் மேலே ஒரு சாண் கறுப்பு.
அதற்குள் வேர், நரைமயிர்போல,
பாதி உயிரோடு, பாதி செத்து.
முகர்ந்தேன்.
ஊறிய உளுந்துக்கும் பழைய சாக்குக்கும் நடுவே ஒரு வாசம்.

காபன் என்றாள். முழித்தோம்.
கரி என்றாள்.
"புல்லு காத்தில இருந்து எடுக்குது.
நீங்க மேல அறுக்க அறுக்க
கீழ கொஞ்சம் வேர் சாகுது.
செத்தது அங்கேயே நிக்குது,
கிளறாத வரைக்கும்."

கரி என்றால் எனக்கு
லயத்துச் சுவர், சட்டியின் முதுகு,
பரமாயியின் இருமல்.
அதைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி இருக்கிறதென்றும்
நாலு வருசமாக அதன் மூடிமேல்
அரிவாளோடு குந்தியிருக்கிறேனென்றும்
தெரியாது.

"எத்தனை கிலோ?" என்றாள் பரமாயி.
கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற ஊரில்
வேறென்ன கேட்பாள்?
தில்ருக்‌ஷி சிரித்தாள். பிறகு சிரிக்காமல்,
"சேர ரொம்ப நாளாகும் அக்கா.
போக ஒரு வாரம் போதும்,
மண்ணைப் புரட்டினா."
அக்கரப்பத்தனையில் பத்தனை என்பதே
புல்வெளிதான் என்றும் சொல்லிவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

வைகாசி மழைக்குக் கன்று வருகிறது.
பெரட்டில் சொன்னார்கள்:
ஏழாம் நம்பர், முள்ளு, மண்வெட்டி, முப்பது ஆள்.
முழுப்பேர்.

போவேன். எனக்கும் பேர் வேண்டும்.

நேற்று அந்தியில் பத்துத் தூர் பெயர்த்து
லயத்துக்குப் பின்னால் கானோரம் நட்டோம்.
பரமாயி காலால் மிதித்து இறுக்கினாள்.
"இங்கன கிளற எவனுக்கும் பேரு கெடையாது."

மாடு அதற்குள் ஒரு தூரைக் கடித்துவிட்டது,
கணுக்காலுக்கும் கீழே.