மூணு மாசம், மிஞ்சினா நாலு

கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தின பல்.
காவேரிப்பட்டினத்தில் டாக்டர் ஷமீனா பிடுங்கிய அன்று
அடியில் சீழ் இருந்தது.
"இன்னைக்கே இம்ப்ளாண்ட் வைக்க முடியாதுங்க.
புண் ஆறட்டும், குழியில எலும்பு ஊறட்டும்.
மூணு மாசம், மிஞ்சினா நாலு.
அதுக்கு மேல தள்ளாதீங்க."

எனக்குப் புரியாத சமாச்சாரம் இல்லை.
பதினேழு வருஷமாகப் போர்வண்டியில் டிரில்லர் நான்.
இளகின மண்ணில் கேசிங் பைப் நிற்காது,
பாறை தட்டுகிறவரை இறக்கிக்கொண்டே போகணும்.
அவசரப்பட்டவர்களின் குழிகள்
பர்கூர்ப் பக்கம் எத்தனையோ
தாமே வாயை மூடிக்கொண்டன.

சரி என்று பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தேன்.
மறுவாரம் வண்டி ராய்ப்பூர் கிளம்பியது.

மூணாம் மாசம் ஒரு ஊர் முடித்தால் மூன்று ஊர் காத்திருந்தது.
நாலாம் மாசம் கம்ப்ரசர் படுத்துக்கொண்டது.
அப்புறம் மாசத்தை எண்ணவில்லை.
நாக்கு மட்டும் தினமும் போய்
அந்தக் காலிமனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது.
ஃபோனில் மாதேஸ்வரி கேட்பாள்: "எப்போ?"
பல்லைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து
"வந்ததும் வெச்சுக்கறேன்" என்பேன்.

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் நான் வந்து இறங்கியபோது
பல் போய்ப் பத்தொன்பது மாசம்.
காற்றில் மாங்கூழ் ஃபேக்டரியின் புளித்த வாசனை.
டாக்டர் திட்டவில்லை.
ஸ்கேனில் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்,
கத்தி முதுகு மாதிரி மெலிந்த ஒரு கரை.
"யாரும் வரப்போறதில்லைன்னு
எலும்பு எழுந்து போயிடுச்சுங்க.
பாருங்க, பின்னாடி பல்லும்
காலி இடத்துக்குச் சாஞ்சிருக்கு."
எலும்புப் பொடி வைத்துத் தைக்கலாமாம்.
அது பிடிக்க ஆறு மாசம்.
பிடித்தால், அப்புறம்தான் மற்றதெல்லாம்.
தொகையைச் சீட்டில் எழுதி, மடித்துக் கொடுத்தார்.

வீட்டில், கட்டிலில் என் பக்கம் முழுக்க
தையல் துணி, அளவு டேப்,
காலர் வைக்காத பள்ளிச் சீருடைகள்.
"இருங்க, எடுத்துடறேன்" என்றாள் மாதேஸ்வரி.
உடனே எடுக்க முடியவில்லை.
ஊசி ஒன்று அதற்குள் எங்கேயோ கிடந்தது.
மடிப்பு மடிப்பாக விரித்துத் தேடினாள்.
நான் பையை இறக்காமல் நின்றேன்.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது: முதலாளி.
ஒடிசாவாம், வியாழக்கிழமை வண்டி என்று
காலையிலேயே சொல்லியிருந்தார்.
அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.
பிறகு
ஊசி தேட டார்ச் அடிக்க மட்டும்
அதை வெளியே எடுத்தேன்.