புருவத்தால் ஓம்

இரவு இரண்டரை.
வாட்டில் மின்விசிறி ஆறு, சுற்றுவது நாலு.
அங்கே இப்போது காலை பத்து.
மெலே மிஸ் யாருடையதோ சர்க்கரைக் காலுக்கு
மருந்து கட்டிக்கொண்டிருப்பாள்
இடுப்பில் பாய் சுற்றியபடி.

பாயென்றால் பாயேதான், தாழையோலையில் இழைத்தது.
மரியாதைக்கு ஒன்று.
செத்தவீட்டுக்கு இன்னும் பெரியது, கிழிந்தது.
வெள்ளைக் கோட்டு மட்டும் போட்டுப்போன எனக்கு
முதல்நாள் ஏதோ குறைந்தமாதிரி இருந்தது.

தொங்காவில் எட்டுக் கிழமை.
கொண்டுபோன மாசிச் சம்பல் போத்தலை
ஒக்லண்ட் விமான நிலையத்தில் பறித்துக்
குப்பையில் போட்டார்கள்.
தீவில் இறங்கினால்
ஈரப்பலா, தேங்காய்ப்பால்,
எங்கள் வீட்டிலிருப்பது போலொரு திருவலை.
"நீ பிஜியா?" என்றார்கள்.
இலங்கை என்றேன்.
"அங்கே ரக்பி உண்டா?"
அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை,
இலங்கையில் எந்தப் பக்கம்,
வீட்டில் என்ன பாஷை என்று.

செமிசியிடம் கேட்டேன், நெஞ்சு நோகுதா?
பார்த்துக்கொண்டிருந்தார்.
சத்தமாய்க் கேட்டேன். பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு
பதிலில்லை என்று எழுதினேன்.
மெலே மிஸ் சிரித்தாள்:
"மூன்று தரமும் ஓம் என்றுவிட்டார் டொக்டர்,
புருவத்தைப் பாருங்கள்."

ஒருக்கால் எழும்பி விழும். அவ்வளவுதான் ஓம்.
என் தலையாட்டலோ அவர்களுக்கு விளங்கவில்லை;
போதும் என்று ஆட்ட ஆட்ட
தட்டில் கிழங்கு கூடிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கக்கூடாது.
பன்றிகள் மட்டும் வற்றுக்கடலில் சிப்பி கிண்டும்.
அப்படியொரு திங்கள் விடிய
செமிசியின் காலை எடுத்தோம்.
பிடித்திருந்தவள் நான்.
வெட்டி முடிந்த கணம்
கை தாழ்ந்துவிட்டது. இவ்வளவு பாரமா ஒரு கால்?
துணியில் சுற்றிக் கொடுத்தோம், மகன்மார் புதைத்தார்கள்.
இதை நான் ஊருக்கு வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை.
கடற்கரைப் படங்களைத்தான் காட்டினேன்.

பதினாலாம் கட்டில், கமிலஸ் வர்ணகுலசூரிய,
அறுபத்தெட்டு. பாரிசவாதம்.
வாய் இடப்பக்கம் கோணிவிட்டது.
பெரிய டொக்டர் தினமும் இரண்டு நிமிடம் நின்று
அடுத்த கட்டிலுக்குப் போவார்.
மூன்று நாளாய் டிக்கட்டில் பதிலில்லை.
அதில் இரண்டு நாள் என் கையெழுத்து.
பெயரைப் பார்த்து நான் சிங்களத்தில்தான் கேட்டேன்,
வாட்டில் எல்லோரும் கேட்பதுபோல,
என்னுடைய அந்த அளந்தெடுத்த சிங்களத்தில்.

பின்னேரம் அவர் மகள் வந்தாள்.
போர்வையை இழுத்துவிட்டபடி
தமிழில் ஏசினாள்:
"சுருட்டை விடு விடெண்டு எத்தினை தரம் சொன்னனான்."

அதனால் இப்போது, இரண்டரைக்கு,
குனிந்து கேட்கிறேன்,
தண்ணி வேணுமா ஐயா?

புருவம்.

வியர்வையாய் இருக்கலாம். ஈயாய் இருக்கலாம்.
நீங்க பொலிஸ்காரரா?
ஒன்றுமில்லை.
வீடு காலியிலா?
ஒன்றுமில்லை.
முகத்துவாரமா?
எழும்பி விழுந்தது.
கடலுக்குப் போறனீங்களா?
எழும்பியது. விழ நேரமெடுத்தது.

வவாவுக்கும் முகத்துவாரத்துக்கும்
நடுவில் எத்தனை கடல் என்று எண்ண
இது நேரமில்லை.
ருவினி மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கொட்டாவியை அடக்கிக்கொண்டு பார்த்தாள்,
பிறகு அவளும் கேட்டாள், தன் பாஷையில், மெதுவாக.
அதற்கும் எழும்பியது.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாய்ப் போய்விட்டது.
அப்படியானால் பாஷை இல்லை காரணம்.
நான் வாயை மட்டும் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் கொடுக்க முடியாது,
விழுங்கிப் பார்க்கும் சோதனை விடிந்தபிறகுதான்.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன்.
டிக்கட்டில் என் வரியை வெட்டி,
பக்கத்தில் நேரம் போட்டு,
என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் இன்னும் உதட்டை நக்கிக்கொண்டிருந்தார்.