பன்னிரண்டாவது வளைவு

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குப் பாலீஷ் போடும் கடைக்கு மேல்மாடி
எங்கள் ஆபீஸ். இரவு பத்தரை.
நாளைக் காலை அடிவாரச் சோதனைச் சாவடியில்
பலகை ஏறியாக வேண்டும்:
ஏற்காட்டுச் சாலை, இருபது கொண்டை ஊசி வளைவு,
எந்த வளைவைப் பனி மூடுகிறதோ
அந்த வளைவு மஞ்சளாக வேண்டும்.

வரைபடம் சௌடேஸ்வரி எழுதிய கிளாஸ்.
எழுதிவிட்டு ஓசூருக்கு வேலை மாறிப் போய்விட்டாள்.
பனி என்னுடையது.
அவள் கோப்புக்குள் வளைவுக்கு ஒன்றாக
இருபது சின்னக் கட்டங்கள்,
இருபதுக்கும் பிரைவேட் என்று தாழ்ப்பாள்.

மேலே, பன்னிரண்டில்,
சென்சார் கம்பத்தடியில் செங்கோட்டுவேல்.
போனில் அவன் மூச்சே நனைந்து கேட்கிறது.
"வந்திருச்சுங்க. என் கையே எனக்குத் தெரியல.
அங்க தெரியுதுங்களா?"

தெரியவில்லை.
என் திரையில் பன்னிரண்டு
பங்குனி வெயிலில் காய்வதுபோல் பச்சை.

பிழைச் செய்தி ஒன்றும் இல்லை,
அதுதான் வயிற்றைக் கலக்கியது.
கத்துகிற பிழையைச் சமாளித்துவிடலாம்.
இது கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறது.
வரை என்றால் வரைந்தேன் என்கிறது,
பூசு என்றால் பூசினேன் என்கிறது.
எங்கே?

குறுக்கு வழி ஒன்று பார்த்தேன்.
தாழ்ப்பாளைப் பிடுங்கி
நிறத்துக்கு ஸ்டேட்டிக் போட்டுப் பொதுச்சொத்தாக்கினேன்.
இருபது வளைவும் ஒரே நொடியில் மஞ்சள்.
மலையையே மூடிவிட்டேன்.
சாவடிக்காரர் பார்த்திருந்தால்
கேட்டை இறக்கிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.

கீழ்க்கடை ஷட்டர் இறங்கியது.
செங்கோட்டுவேல் தும்மினான்.

பதினொன்றே முக்காலுக்குக் கண்ணில் பட்டது
என் கையால் எழுதிய ஒரே ஒரு சொல்: நியூ.
அவளுடைய கட்டத்தைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து
அதே அளவில், அதே எண்ணோடு
வேறொரு கட்டத்தைப் பெற்றுப் போட்டிருக்கிறேன்.
எந்த ஜன்னலிலும் மாட்டாத கட்டம்.
சென்சார் நொடிக்கொரு தரம் சொல்லச் சொல்ல
நொடிக்கொரு கட்டம்,
ஒவ்வொன்றிலும்
பிசகில்லாத மஞ்சள்.

பிறகு வேலை சின்னது.
அவள் வரைபடம் பிறக்கும் வரியிலேயே
அதன் முகவரியை என் பனியின் கையில் கொடுத்தேன்.
அவள் கட்டத்தில் நான் தூரிகை வைக்கவில்லை.
தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுவிட்டுக்
கதவில் ஒரு துவாரம் மட்டும்:
பன்னிரண்டில் பனி என்று சொன்னால் போதும்,
அவள் கிளாஸ் தன் கையால் தானே பூசிக்கொள்ளும்.
ஓசூரில் தூங்குகிறவளுக்கு இது தெரியாது.

பன்னிரண்டு மட்டும் மஞ்சள்.
கத்தியே விட்டேன் போனில்.

"எனக்கு வெள்ளையாத்தாங்க இருக்கு," என்றான்.
"இறங்கட்டுங்களா?"

இறங்கு. மெதுவா.
பதினொன்று பச்சை. பத்து பச்சை.

அவன் ஹாரன் அடித்தபடி திரும்புவதைக் கேட்டுக்கொண்டே
பழைய வரியை அழித்தேன்.
யாரும் பிடித்து வைத்திராத கட்டங்களை
நினைவகம் தானாகக் கூட்டித் தள்ளிவிடும்.
எத்தனை என்று சொல்லாது.

ஒன்றேகால் மணி நேரம், நொடிக்கு ஒன்று.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
நாலாயிரத்து ஐந்நூறு மஞ்சள்.