கிஸ்தனுக்கு, கடைக்குப் போகுமுன்

கிஸ்தா, அந்தப் புது டிரைவரை வாங்காதே.
கடைச்சாவியை மகளிடம் கொடுத்த மூன்றாம் நாளே
எல்லாருக்கும் அந்த ஆசை வரும்.
இருபது கெஜம் கூடப் போகும் என்பான் விற்கிறவன்.
போகும்.
புதருக்குள் இருபது கெஜம் கூடப் போகும்.

ஏழாம் நம்பர் இரும்பு ஒன்று போதும் உனக்கு
இந்த வருஷத்துக்கு.
என்னிடம் இருக்கிறது, பிடித்தோல் தேய்ந்தது.
குருவிக் குஞ்சைப் பிடிப்பது போல் பிடி என்பார்கள்.
நீ உன் தராசைப் பிடிப்பது போலவே பிடி,
முப்பது வருஷம் பருப்பு நிறுத்த கைக்கு
அது தெரியும்.

காற்று.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
தென்றல் என்றால் இதம் என்று எழுதி
மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா?
டர்பனில் தெற்கே இருந்து வருவது
ஐஸ்கட்டியின் அண்ணன், பின்னாலேயே மழை.
பதினோராவது குழியில் கொடி உன்னைப் பார்த்துப் படபடத்தால்
ஏழு போதும் என்ற இடத்தில் ஐந்தை எடு.
வாத்தியாரை மன்னித்துவிடு.

புல் மினுங்கினால் பந்து ஓடும்.
இருண்டிருந்தால் படுத்துவிடும்.
இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
பதிமூன்று வயசில், என் எடையில் பாதி இருந்த பையை
டாக்டர் ஹார்கோர்ட்டுக்குப் பின்னால் சுமந்து
நாற்பது சென்ட்டுக்குப் படித்தேன்.
எந்த மரத்தடியில் யார் பந்து விழும் என்று
அடிக்குமுன்பே தெரியும்,
இடுப்பு திரும்புகிற விதத்திலேயே.
கிளப் கட்டிடத்தை மட்டும்
பின்பக்கத்திலிருந்துதான் தெரியும்:
குப்பைத்தொட்டி, சமையல் புகை,
துருப்பிடித்த ஒரு குழாய்.

தொண்ணூற்றொன்றில் முன்வாசல் வழியாகப் போனேன்.
புது ஷூ, இஸ்திரி போட்ட கால்சட்டை, நாற்பது வயசு.
ஊரார் பந்தெல்லாம் எங்கே விழும் என்று தெரிந்தவனுக்குத்
தன் பந்து எங்கே விழும் என்று தெரியவில்லை.
அடித்தேன்.
பழக்கதோஷம், பையைத் தூக்கித் தோளில் போட்டு
முதல் ஆளாய் ஓடினேன்.
பின்னாலிருந்து தெம்பலானி கத்தினான்,
"பாபா, அது என் வேலை!"

கொடுத்துவிட்டேன்.
தோள் சும்மா இருக்கப் பழக
மூன்று குழி ஆயிற்று.
அந்த ஒன்பது பந்தையும் தொலைத்ததற்கு
இதுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.
தெம்பலானி ஒத்துக்கொள்வதில்லை.

குரங்குக்கு வாழைப்பழம் காட்டாதே.
இடி கேட்டால் ஸ்கோரை மற, வண்டிக்கு ஓடு.
பூனுசாமி பாத்தர் ஒருமுறை, ஒரே ஒருமுறை,
வேருக்குள் கிடந்த பந்தைக் காலால் நகர்த்தினார்.
நாங்கள் நாலு பேரும் பார்த்தோம், பறவையைப் பார்ப்பது போல
அண்ணாந்து கொண்டோம்.
அதற்குப் பிறகு பதினைந்து வருஷம்
டீ கடனெல்லாம் அவரேதான் கட்டினார்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
அவர் போன பிறகு புதருக்குள் நுழையும்போதெல்லாம்
கோயிலில் நிற்பது போல் கால் சேர்த்து நிற்கிறேன்.

நூற்று முப்பது அடிப்பாய் முதல் நாள். அடி.
பதினெட்டாவது முடிந்ததும் கூட்டாதே.
வண்டி நிறுத்துமிடத்தில் பன்னி சௌவைப் பிரித்து,
பாதி ரொட்டி குழம்பில் ஊறிய பிறகு கூட்டு.
எண்ணெய்க் கையில் ஏழுகள் ஒன்றாகத் தெரியும்.
நம்பாதே,
ஆனால் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிரு.

புதன்கிழமை, காலை ஆறே கால்.
அம்கேனி ஆற்றுப்பக்க வாசல்.
தொப்பி கொண்டு வா.

அப்புறம் அந்த டிரைவரின் ரசீதைத் தூக்கிப்போடாதே.
வாங்கிவிடுவாய், தெரியும்.
என் வண்டி டிக்கியில் மூன்று கிடக்கின்றன.