நீர் தேங்கியிருப்பதால்

கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.
‘மஞ்சக்குப்பம் மைதானத்தில் நீர் தேங்கியிருப்பதால்
எங்கள் சொந்த மைதான ஆட்டங்கள் மூன்றை
சிலிகுரியில் நடத்த அனுமதி வேண்டுகிறோம்.’
பங்குனி மாதம்.
கோல் கம்பத்தடியில் மண் வெடித்து
விரல் நுழையும் அளவு பிளந்து கிடந்தது.

வெள்ளம் அறியாத ஊராக இருந்தால்
இவ்வளவு கூசியிருக்காது.
கெடிலம் வீட்டுக்குள் வந்து
அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போன ஊர்.
சுவரில் கோடு கிழித்துப் பக்கத்தில்
ஆண்டு எழுதி வைத்திருக்கிறோம்.
அந்தத் தண்ணீரைப்
பொய்ச்சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

ஆட்டத்துக்கு ஏழரை லட்சம்.
“சனி பிடிச்ச எண்ணாச்சே” என்று சிரித்தபடி
செயலாளர் குப்புராமன் கையெழுத்துப் போட்டார்.
பொருளாளர் என்ற இடத்தில் நானும்.
மூன்றுக்கும் சேர்த்து இருபத்திரண்டரை.
அதில் மூன்று மாதச் சம்பளப் பாக்கி,
பஸ் கடன்,
தேசிங்கின் முழங்கால் ஆபரேஷனுக்கு வாங்கிய கைமாற்று.
கழித்தால் மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம்.
இரண்டு பந்து வாங்கலாம்.

முதல் ஆட்டம் சிலிகுரிக்காரர்களோடுதான்.
விருந்தாளி அணி ஆட்டோவில் வந்து இறங்கியது.
சொந்த அணி இரண்டு ராத்திரி ரயிலில்
கால் நீட்ட இடமில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலம்
மைதானத்துக் கேட்டில் அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருந்தேன்.
பசை காயவில்லை.
பரங்கிப்பேட்டை பஸ்ஸிலிருந்து மஸ்தான்கனி இறங்கினார்,
கக்கத்தில் அலுமினியத் தாம்பாளம்,
சட்டைப் பையில் சீசன் டிக்கெட்.
ஐஸ் கம்பெனி வேலை; எங்கள் ஆட்டத்துக்காக
ஷிப்டு மாற்றிக்கொண்டு வருகிற மனுஷன்.
அறிவிப்பை இரண்டு தரம் படித்தார்.
கம்பி வழியாக உள்ளே பார்த்தார்.
ஒரு பையன் சைக்கிள் விட்டுப் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தான்.

“தண்ணி எங்கம்மா?”

“வடிஞ்சிடுச்சு.”

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
மூன்று ஆட்டத்துக்கு நூற்றைம்பது ரூபாய்
திருப்பித் தருகிறேன் என்றேன்.
“ஸ்கோர் என்னன்னு பாருங்க” என்றார்.

கைபேசியை மதில்மேல் சாய்த்து வைத்தோம்.
அறிவிப்பாளன் “கூடலூர், கூடலூர்” என்றான்.
அது நீலகிரியிலல்லவா இருக்கிறது, மடையா!
திட்டிய பிறகு ஞாபகம் வந்தது.
ஆறுகள் வந்து கூடுவதால்
நம் ஊருக்கும் பழைய பெயர் அதுதானாம்.
தெரியாமல் சொன்னவன் சரியாகச் சொல்லிவிட்டான்.
தெரிந்தே எழுதியவள்
மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதாவது நிமிடம், பெனால்டி.
தேசிங்கு இடப்பக்கம் பாய்ந்து
விரல் நுனியால் வெளியே தட்டிவிட்டான்.
எழுந்ததும் பழக்கத்தில்
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினான்.
இங்கே அந்தப் பக்கம்தான்
சிப்காட் ஷிப்டு முடித்தவர்கள் நிற்பார்கள்.
அங்கே ஒரு சிமெண்ட் விளம்பரம் நின்றது.
உயர்த்திய கையைக் கொண்டுபோய்
கையுறையின் பட்டையைச் சரிசெய்வதுபோல் செய்தான்.

மஸ்தான்கனி தாம்பாளத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.
சைக்கிள் பையன் திரும்பிப் பார்த்தான்.
படம் அரை நிமிடம் பிந்தி வருகிறது,
அங்கே அது எப்போதோ முடிந்துபோன விஷயம் என்று
நான் சொல்லவில்லை.
அப்புறம் சிக்னல் போய்விட்டது.

“அடுத்த ஞாயிறு?”
“அதுவும் நம்ம சொந்த மைதான ஆட்டந்தாங்க” என்றேன்,
வாயில் வந்துவிட்டது.
அவர் தலையாட்டினார்.
பஸ் வந்தது.
டிக்கெட்டை என்னிடம் கொடுத்து
வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு ஏறினார்.

ராத்திரி பேரேட்டை விரித்தேன்.
தோற்றோம், ஒன்றுக்குப் பூஜ்யம். அதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை.
வரவு ஏழரை லட்சம்.
எதை விற்ற வகையில் என்ற கட்டத்தில்
‘தண்ணீர்’ என்று எழுதினேன்.
அடித்தேன்.
வேறு சொல் கிடைக்காமல்
மறுபடியும் அதையே எழுதினேன்.