கடவையில் ஒரு கோடு குறைவு

மாரி முடிந்த கையோடு
சேதம் எழுதப் போவது என் வேலை.
மாநகர சபைப் படிவத்தில் ஐந்து பெட்டிகள்:
இடம், வகை, நீளம், ஆழம், பரிந்துரை.
ஸ்கூட்டிக் கொக்கியில் அளவுநாடா ஆடும்.
குனிந்து பார்க்கிறவள் நான்.
இந்த ஊரில் எத்தனை மாடி எழும்பினாலும்
எனக்குத் தெரிந்தது முழங்காலுக்குக் கீழேதான்.

கோட்டைமுனையில், கூட்டுறவுக் கடை மதிலில்
போன வருடம் நான் எழுதிய வெடிப்பு:
இரண்டு மீற்றர் நாற்பது.
இந்த வருடம் அது தூண்டில் நூல்.
மேலே, மதில் விளிம்பில் கால் தொங்கவிட்டு
விரலளவில் ஒரு பொடியன்.
கீழே, வடிகானுக்குள் நூல் முடிகிற இடத்தில்
கொழுவியிருப்பது ஒரு பழைய செருப்பு.

"வகை" என்ற பெட்டியில் பேனை நின்றுவிட்டது.

பிறகு கண் பழகிவிட்டது.
வாவிக்கரை வீதியில் நான்கு கொங்கிறீற் கட்டைகள்;
வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, வகிடெடுத்த தலை.
மூன்று பேர் நேராக நிற்கிறார்கள்.
லொறி இடித்துச் சாய்ந்த நாலாவது
கொட்டாவி விடுகிறது.
தாமரைக்கேணிக் குழியில் மழைத்தண்ணீர்.
கரையில் ஐஸ்கிறீம் குச்சியில் நட்ட பலகை:
"தோணித்துறை. கடைசித் தோணி மாலை ஆறு."
ஆழம் பதினொரு சென்ரிமீற்றர் என்று எழுதினேன்.
மணிக்கூட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பாடும் மீனை மட்டும் எங்கும் காணவில்லை.
பேக்கரி, வங்கி, பந்தயக் கிண்ணம் எல்லாவற்றிலும்
பாடிப் பாடிக் களைத்த மீன்
கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று
இவன், அல்லது இவள், விட்டிருக்க வேண்டும்.

ஆனால் கள்ளனைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் மஞ்சள் கடவை.
ஒன்பது கோடு இருந்த இடத்தில் எட்டு.
நடைபாதை விளிம்பில் சாண் உயர மனிதன்,
சாரத்தை மடித்துக் கட்டி,
ஒன்பதாவது கோட்டைத் தோளில் வைத்து,
இரண்டு பக்கமும் பார்த்தபடி நடக்கிறான்.
வீதி ஒழுங்கு தெரிந்த கள்ளன்.

பொறியியலாளர் நிஹாரா மிஸ் சிரித்தார்.
சிரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:
"கடவை கடவைதான். பூசச் சொல்லுங்க."
பூசினது யோகநாதன்.
தூரிகையைத் தட்டியபடி
"பாவம் கா, என்ன பாரம்" என்றார்.

கிழமை ஒன்று போகவில்லை.
கள்ளன் தபால் கந்தோர் மதிலில்.
அங்கிருந்து அந்திராடோவின் வெல்டிங் கடைக் கதவில்;
வேர்த்திருந்தான்.
பாலத்துக்கு இந்தப் பக்கம், மின்கம்பத்தடியில்
கோட்டை இறக்கி வைத்து வெற்றிலை போட்டுக்கொண்டு.
படிவம் இல்லாத நாளிலும் தேடிப் போனேன்,
ஞாயிற்றுக்கிழமையும்கூட.

பாலம் கடந்து, நாவற்குடாத் தரிப்பிடத்தில் பிடித்தேன்.
கூரை உண்டு. தூண் உண்டு.
திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல் உண்டு.
உட்கார ஒன்றும் இல்லை.
பின்சுவரில், முழங்கால் உயரத்தில்,
மஞ்சள் கோடு படுத்திருந்தது.
அதன் நடுவில் அவன், கால் நீட்டி.

மருந்துப் பையோடு வந்த ஒரு கர்ப்பிணி
கீறிய வாங்கில் அமர்வதுபோல்
முழங்காலை மெல்ல மடித்துச் சிரித்தாள்.
பஸ் வரவில்லை.
சிரிப்பு முடிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

இடம்: நாவற்குடா.
வகை: இல்லாமை.
நீளம்: ஐந்து பேர்.
ஆழத்தை விட்டுவிட்டேன்.
பரிந்துரைப் பெட்டிக்குள் ஒரு வாங்கு கீறினேன்.
எனக்குக் கீற வராது.
"இது ஆடா?" என்று கேட்டார் நிஹாரா மிஸ்.
கேட்டபடியே கையெழுத்தும் வைத்தார்.

மூன்று மாதம். இரண்டு கடிதம். ஒரு விலைமனு.
அந்திராடோ இரும்பில் செய்து தந்தார்;
யோகநாதன் யாரும் கேளாமலே மஞ்சள் பூசினார்.
அளவெடுத்தது நான். அப்படியும்
சுவரில் இருந்த கோட்டுக்கும் வாங்குக்கும்
நாலு விரல் பிழைத்துப்போனது.

மறுநாள் விடியப் போய்ப் பார்த்தேன்.
இரவோடிரவாக யாரோ வந்து போயிருக்கிறார்கள்;
பெயின்ற் இன்னும் விரலில் ஒட்டியது.
சுவரில் கள்ளன்
கொஞ்சம் தள்ளி அமர்ந்திருந்தான்.